லுணுகலையில் மட்டும் மூடியிருந்த பாதை

என் கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிந்தி வந்ததுக்கு நான்தான் காரணம்னு எங்க வீட்டுக்காரரு இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. பச்சைப் பொய். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். போன மாசம் எங்க மகளோட டீச்சர்கிட்டயே அந்தக் கதைய எடுத்து விட்டுட்டாரு. இனிமே வாயை மூடிக்கிட்டு இருந்தா சரிவராதுன்னு நானே எழுத உக்கார்ந்துட்டேன்.

ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருசம் இருக்கும். அப்ப நான் பதுளை டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில வேலை பார்த்தேன். காலையில பிள்ளைங்களுக்குப் பாடம், பகல்ல டைப் வேலை, மிச்ச நேரம் இன்டர்நெட். எங்க அப்பா அம்மா நமுனுகுல பக்கம் தோட்டத்துல இருந்தாங்க. நான் கடை முதலாளி வீட்டுலயே ஒரு ரூம்ல தங்கியிருந்தேன். அவரு யாழ்ப்பாணத்து மனுசன், தபால் கந்தோர்ல வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவரு. எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். தங்கமான மனுசன். ஆனா டெலிபோன் லைன்னு வந்துட்டா கல்லுல நார் உரிப்பாரு.

அந்தக் காலத்துல இன்டர்நெட் டெலிபோன் லைன் வழியாத்தான் வரும். இன்டர்நெட் ஓடுற நேரத்துல யாரும் போன் பேச முடியாது. போன் பேசுற நேரத்துல இன்டர்நெட் ஓடாது. ரெண்டுக்கும் ஒரே லைன். பிள்ளைங்க ஒரு பக்கத்தை ரெண்டாவது தடவை திறந்தா மாஸ்டருக்கு நெஞ்சு வலிக்கும்.

"பிள்ளை, ஒருக்கா எடுத்த பக்கத்தை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறீங்கள்? அதுதானே உள்ளுக்குள்ள கிடக்குது!"

அவரு சொன்னதுல நியாயம் இருந்துச்சு. பிரவுசர் ஒரு தடவை பார்த்த பக்கத்தை மெஷினுக்குள்ளயே ஒரு காப்பி எடுத்து ஒளிச்சு வச்சுக்கும். அடுத்த தடவை கேட்டா, அந்தக் காப்பியவே எடுத்து நீட்டும். எப்பவாச்சும் ஒரு தடவை, 'புதுசா எதுவும் மாறியிருக்கா?'ன்னு அங்க கேட்டுட்டும் வரும். அந்தக் கேள்வியவும் கேட்க வேணாம்னு நிறுத்தி வைக்க ஒரு இடம் உண்டு. மாஸ்டர் அதைக் கண்டுபிடிச்சு எங்க கடை மெஷின் எல்லாத்துலயும் நிறுத்தி வச்சாரு. எங்ககிட்ட மெஷின் வாங்கிட்டுப் போறவங்களுக்கும் ஒரு உபகாரமா அதைச் செஞ்சு குடுத்து அனுப்புவாரு. லுணுகலையில இருந்து வந்து ஒருத்தர் ஒரு மெஷின் வாங்கிட்டுப் போனாரு. அதுக்கும் செஞ்சாரு. அந்த ஒருத்தர்தான் பின்னாடி எங்க வீட்டுக்காரரு.

இப்ப பாதைக் கதைக்கு வர்றேன். ஐப்பசி பொறந்துட்டா எங்க பக்கம் மழை சும்மா விடாது. பதுளையில இருந்து பசறை, பசறையில இருந்து லுணுகலைன்னு போற ரோட்டுல எங்கயாச்சும் மண்ணு சரிஞ்சு விழுந்துகிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டுல போய்க் கேட்டா ஒருத்தன் தொறந்திருக்கும்பான், ஒருத்தன் மூடியிருக்கும்பான், மூணாவது ஆளு பஸ்ஸுல ஏறுங்க போய்ப் பார்த்துக்கலாம்பான். கடைக்கு வர்ற சனமும் இதையேதான் எங்கிட்டக் கேட்கும். எனக்குக் கோவம் கோவமா வரும். ஒரு நாள் உக்கார்ந்து, புஸ்தகத்தைப் பார்த்து நானே படிச்ச பி.எச்.பி.ங்கிற கம்ப்யூட்டர் பாஷைய வச்சு ஒரு பக்கம் எழுதினேன். நான் எங்க மெஷின்ல ஒரு பட்டனை அமுக்கினா பக்கம் பச்சையாகி, 'பாதை தொறந்திருக்கு'ன்னு பெருசாக் காட்டும். இன்னொண்ணை அமுக்கினா செவப்பாகி, 'பாதை மூடியிருக்கு'ன்னு காட்டும். அவ்வளவுதான். இன்னைக்கு யாராச்சும் பார்த்தா சிரிப்பாங்க. எனக்கு அது தேர் செஞ்சு இழுத்த மாதிரி இருந்துச்சு.

லுணுகலைப் பக்கத்துச் செய்தி யாராச்சும் சொல்லணுமே. அந்த மெஷின் வாங்கிட்டுப் போன ஆளு அங்க கடைத்தெருவுல போட்டோ கடையும் டெலிபோன் கடையும் ஒண்ணா வச்சிருந்தாரு. தினமும் காலையில போன் எடுப்பாரு.

"பாதை தொறந்திருக்குங்க."

"சரிங்க."

மொத ஒரு மாசம் இவ்வளவுதான் பேச்சு. அப்புறம் "பாதை தொறந்திருக்குங்க, சாப்பிட்டீங்களா?" ஆச்சு. நானும் பக்கத்துல பச்சைக்குக் கீழ சின்ன எழுத்துல ஏதாச்சும் போட ஆரம்பிச்சேன். 'குடை எடுத்துக்கிட்டுப் போங்க.' 'பனி ஜாஸ்தி, பார்த்துப் போங்க.' எல்லாம் பொது சனத்துக்குத்தான்னு மாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவரு மூக்குக் கண்ணாடிக்கு மேலால என்னைப் பார்த்துட்டு, "ஓமோம், பொதுசனம்" அப்படின்னாரு.

அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கிறதுக்காக லுணுகலையில ஒரு மனுசன் ரிஃப்ரெஷ் பட்டனை நாள் முழுக்க அமுக்கிக்கிட்டே இருந்திருக்காரு. ரிஃப்ரெஷ் அமுக்கினா பிரவுசர் பழைய காப்பியத் தூக்கி வீசிட்டுப் புதுசா எடுத்துட்டு வரும். அதனால அவரு கண்ணுக்குப் பக்கம் எப்பவும் புதுசாத்தான் தெரிஞ்சிருக்கு. ரிஃப்ரெஷ் அமுக்காத ஆளு பார்த்தா என்ன ஆகும்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆசைப்பட்டவன் அமுக்கின பட்டனால குறை வெளியில வரவே இல்ல. இதுல என் தப்பு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பேச்சு கல்யாணப் பேச்சாகி, பரிசம் போட வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா பழைய கங்காணி. தோட்டத்துல காலையில வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டுக் களத்துல நின்னு பேரு கூப்பிட்டுப் பழகின குரல். மெதுவாப் பேசினாலே கூரைத் தகரம் அதிரும். டீ குடிச்சுக்கிட்டே என்னைப் பார்த்து, "ஏம்மா, ரோட்டுச் செய்தி எல்லாம் நீதான் போடுறியாமே, அதை நம்பலாமா?"ன்னு கேட்டாரு. ஒரு தடவை யாரோ போன்ல பாதை தொறந்திருக்குன்னு சொன்னதை நம்பிப் பொம்பளைங்க பிள்ளைங்களோட வேன்ல வந்து, மண்ணு சரிவுக்கு நடுவுல பொழுதெல்லாம் மாட்டிக்கிட்டாராம். தலைக்கு மேல கல்லு உருண்டுக்கிட்டு இருந்துச்சாம். அதுல இருந்து மழைக்காலத்துல வண்டி ஏறவே பயம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "போன்ல யாரு சொன்னாலும் நம்பாதீங்க, நானே சொன்னாலும் நம்பாதீங்க. கம்ப்யூட்டர்ல பச்சை விழுந்தா மட்டும் வண்டியில ஏறுங்க"ன்னு சொன்னேன்.

பெரியவரு தலைய ஆட்டினாரு. அவரு தலைய ஆட்டிட்டா அது ஆட்டினதுதான்.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்துல நாள் குறிச்சாங்க. அதை விட்டா மார்கழி, கல்யாணம் கிடையாது. தை வரைக்கும் காத்திருக்கணும். இடையில எங்க பெரியம்மா வேற, "கம்ப்யூட்டர்ல பார்த்த மாப்பிள்ளை கம்ப்யூட்டரோடவே போயிடுவான், அத்தை மகன் இருக்கான்ல"ன்னு எங்கப்பா காதுல ஓதிக்கிட்டே இருந்துச்சு. அப்பாவும் பாதி மனசுலதான் சம்மதிச்சிருந்தாரு. அந்த முகூர்த்தம் தவறினா கல்யாணமே தவறிடும்னு எனக்கு நல்லாத் தெரியும். பதுளையில கோயில்ல வச்சு, பகல் பன்னெண்டு மணிக்குள்ள தாலி கட்டணும்.

கல்யாணத்துக்கு மொத நாளு பசறைக்கு அந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சுச்சு. லுணுகலையில இருந்து போன் வந்துச்சு, நானே போய் பக்கத்தைச் செவப்பாக்கினேன். அழுதுகிட்டே அமுக்கினேன். ராவோட ராவா மண்ணு தோண்டுற மெஷின் வந்து அள்ளி, விடியக்குள்ள பாதையத் தொறந்துட்டாங்க. அந்த வழியா வந்த பால் வண்டிக்காரர் நேரா வந்து சொன்னாரு. மாஸ்டர் கடையத் தொறந்து பச்சையாக்கிட்டு, கோயிலுக்கு வந்து, "பச்சை போட்டாச்சு பிள்ளை, இனி யோசிக்காத" அப்படின்னாரு. நானும் பூ வச்சு, பொட்டு வச்சு, கூறைச்சேலை கட்டி உக்கார்ந்துட்டேன்.

நேரம் போகுது. மேளக்காரர் ரெண்டு தடவை டீ குடிச்சிட்டாரு. மாப்பிள்ளை பஸ்ஸைக் காணோம். பெரியம்மா மூஞ்சியில ஒரு திருப்தி தெரிஞ்சுச்சு பாருங்க, அதை இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அப்ப மாஸ்டர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றாரு. கடைக்கு போன் வந்திருக்கு, மாப்பிள்ளையோட அக்காகிட்ட இருந்து. "அவை இன்னும் வெளிக்கிடவே இல்லை பிள்ளை. பெரியவர் கடையில வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தவராம். சிவப்பாக் கிடக்குதாம். சிவப்பு எண்டா அசையமாட்டன் எண்டு நிக்கிறாராம்."

எனக்கு உச்சந்தலையில சூடு ஏறிடுச்சு. பச்சை போட்டாச்சே! கோயிலுக்கு வந்ததும் கையில காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டினா வாசப்படி தாண்டக் கூடாதுன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு கட்டு. நான் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு எந்திரிச்சேன். "அடியாத்தி, காப்போட எங்கடி போறே?"ன்னு பெரியம்மா கத்துது. "கல்யாணம் கட்டத்தான் போறேன்"னு சொல்லிட்டுத் தாண்டினேன். கடை ரெண்டு கட்டடம் தள்ளித்தான்.

மெஷின்ல ரிஃப்ரெஷ் அமுக்கிப் பார்த்தா பக்கம் பச்சைப் பசேல்னு இருக்கு. அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. அங்க அக்கா ரிஃப்ரெஷ் எதுவும் அமுக்கியிருக்காது. திறந்து காட்டியிருக்கும். அந்த மெஷினுக்குத்தான் புதுசு இருக்கான்னு கேட்கவே வேணாம்னு மாஸ்டர் கட்டளை போட்டிருக்காரே! அது நேத்தையச் செவப்பையே எடுத்து நீட்டிக்கிட்டு இருக்கு. நேத்துப் பெரட்டுல வந்த பேரை வச்சு இன்னைக்கு மலைக்கு ஆளு அனுப்புற மாதிரி.

நான் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் சுவரைப் பார்த்தாரு.

அதுக்கு வைத்தியம் உண்டு. பக்கத்தை அனுப்பும்போதே தலைப்புல ரெண்டு வரி சேர்த்து, 'இதைக் காப்பி எடுத்து வைக்காதே, கேட்கிற நேரமெல்லாம் எங்கிட்டயே வந்து கேளு'ன்னு பிரவுசருக்குச் சொல்லலாம். அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. வளையல் கீபோர்டுல மாட்டுது, நெத்திச்சுட்டி கண்ணுல விழுது. ரெண்டு வரியையும் எழுதி ஏத்திட்டு, மூச்சு விட்டுட்டு, அப்புறம்தான் யோசிச்சேன். அந்த வரி லுணுகலைக்குப் போய்ச் சேரணும்னா லுணுகலை மெஷின் முதல்ல எங்கிட்ட வந்து கேட்கணும். அதுதான் கேட்கவே கேட்காதே! வீட்டுக்குள்ள கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்குறவனுக்கு வாசல்ல நோட்டீஸ் ஒட்டின கதை. அங்கயே உக்கார்ந்து ஓன்னு அழுதுட்டேன். கண் மையெல்லாம் கன்னத்துல.

"அழுது என்ன பிள்ளை செய்யிறது, போனை எடு" அப்படின்னாரு மாஸ்டர். லைன் கணக்குப் பார்க்காம அவரு போனை என் கையில குடுத்தது அன்னைக்குத்தான்.

லுணுகலைக்கு அடிச்சேன், மாப்பிள்ளையோட அக்காதான் எடுத்துச்சு. "அண்ணி, மேல வட்டமா ரெண்டு அம்பு போட்ட பட்டன் இருக்கும். அதை ஒரு அமுக்கு அமுக்குங்க."

அமுக்குச்சு. அப்புறம் ஒரு அலறல். "ஐயையோ, எல்லாம் போச்சு! வெள்ளையா ஆயிடுச்சு! பக்கத்தைக் காட்ட முடியலன்னு இங்கிலீசுல என்னமோ வருது!"

எனக்கு என்னையே அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. அங்கயும் ஒரே லைன், போன் பேசிக்கிட்டு இருக்கிறதே அதுலதானே, இன்டர்நெட் எங்க இருந்து வரும்? அதைச் சொல்றதுக்குள்ள பின்னால பெரியவரு குரல் கேட்குது. "என்னவாம்? மூடினது போதாதுன்னு பாதையே காணாமப் போச்சாமா? பஸ்ஸைத் திருப்பி அனுப்பு!"

போனை அவரு வாங்கிட்டாரு. நான் கெஞ்சினேன், பாதை நிசமாவே தொறந்திருக்கு, பால் வண்டி வந்துச்சுன்னேன். அவரு கோவப்படவே இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "அம்மா, நீயே சொன்னாலும் நம்பாதேன்னு நீதானே சொன்னே. பஸ்ஸுல பச்சைப் பிள்ளைங்க இருக்கு. கல்யாணத்தை தையில வச்சுக்கலாம். செத்தவங்களைத் திருப்பிக் கொண்டு வர ஏலுமா?"

என் வாயாலயே நான் கட்டின கட்டு. அவரு பயம் பொய்யும் இல்ல.

மாப்பிள்ளை எங்கேன்னு கேட்பீங்க. தோட்டத்து லயத்து வீட்டுல, மணையில உக்கார்ந்திருக்காரு. காப்புக் கட்டியாச்சாம், நல்ல நேரம் பார்த்து வண்டி ஏறுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதாம். பாதை செவப்புன்னு யாரோ போய்ச் சொன்னதும், 'அவ எழுதின பக்கம் பொய் சொல்லாது'ன்னு சொல்லிட்டு அழுதுகிட்டு இருந்தாராம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை மன்னிச்சு விட்டேன். இருந்தாலும் நான் தாண்டின வாசப்படிய அவரு தாண்டல. அதை நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன்.

அண்ணிகிட்ட மறுபடி போனைக் குடுக்கச் சொன்னேன். லைனை வச்சுட்டு, இன்டர்நெட் போட்டு, அந்தப் பட்டனை இன்னொரு தடவை அமுக்குங்கன்னேன். "நான் மாட்டேன்மா. அதை அமுக்கித்தான் பாதையே காணாமப் போச்சு" அப்படிங்குது அண்ணி. எவ்வளவு சொன்னாலும் அந்தப் பட்டன் கிட்டக் கையே கொண்டு போகாதாம்.

அப்பத்தான் தோணுச்சு. பழைய காப்பி இருக்கிறது பழைய பேருலதானே? இதுவரைக்கும் யாருமே பார்க்காத ஒரு புதுப் பேருல பக்கம் போட்டா, எடுத்து நீட்ட அவங்க மெஷின்ல எந்தக் காப்பியும் இருக்காது. எங்கிட்ட வந்தேதான் ஆகணும். "அண்ணி, அட்ரஸ்ல கடைசிச் சொல்லை அழிச்சிட்டு நான் சொல்ற எழுத்தைப் போடுங்க"ன்னு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன். வாங்க. அதுதான் பக்கத்தோட பேரு. அண்ணி உள்ளங்கையில எழுதிக்கிச்சு. மருதாணி மேல பேனா புடிக்கலன்னு அதுக்கு ஒரு புலம்பல் வேற.

போனை வச்சுட்டு எழுதினேன். பட்டன் இல்ல, கணக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. பச்சை நிறம், நடுவுல ஒரே ஒரு வரி. அதுவரைக்கும் பெரியவரை நான் எந்த முறை வச்சும் கூப்பிட்டதில்ல. தாலி கட்டாம எப்படிக் கூப்பிடுறதுன்னு வெட்கம். அன்னைக்கு வெட்கம் எங்க இருந்துச்சு?

'பாதை தொறந்திருக்கு மாமா. பயப்படாம வாங்க.'

ஏத்தி முடிச்சு லைனை வெட்டிட்டு, லுணுகலைக்கு போன் அடிச்சேன். எங்கேஜ். மறுபடி அடிச்சேன். எங்கேஜ். அப்ப இன்டர்நெட் ஓடுது! மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டாரு. கொஞ்சம் பொறுத்து அடிச்சேன். மணி போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. யாருமே எடுக்கல. கடையப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க! போன் எடுக்காததுக்கு நான் அந்தக் குதி குதிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்.

பன்னெண்டுக்குக் கொஞ்சம் இருக்கும்போது பஸ் வந்துச்சு. சக்கரமெல்லாம் செம்மண்ணு. மொதல்ல இறங்கினது மாப்பிள்ளை இல்ல, பெரியவரு. என் கன்னத்து மையப் பார்த்துட்டு, "என்னம்மா, பயந்துட்டியா? நீ எழுதினதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" அப்படின்னாரு. பெரியம்மா அட்சதைய என் மேல போட்டுச்சா எறிஞ்சுச்சான்னு எனக்கு இன்னும் சந்தேகம். தாலி கட்டியாச்சு.

அதுக்கப்புறம் நான் எழுதின எந்தப் பக்கத்துலயும் அந்த ரெண்டு வரி இல்லாம இருந்ததில்ல. கடைக்குப் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு மொத பாடமே அதுதான். மாஸ்டரும் எல்லா மெஷின்லயும் அந்தக் கட்டளைய எடுத்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு, அந்த 'வாங்க' பக்கம். அவசரத்துல எழுதினதுல அதுக்கு அந்த ரெண்டு வரியப் போட மறந்தே போச்சு. அப்புறம் அதை நானும் கண்டுக்கல, அழிக்கவும் இல்ல.

அடுத்த ஐப்பசியில தலைப்பிரசவத்துக்கு பதுளை ஆஸ்பத்திரியில இருந்தேன். மக பொறந்தா. வெளியில பேய் மழை. பாதை மூடிக் கிடந்துச்சு, நிசமாவே மூடிக் கிடந்துச்சு, நானே மொத நாளு மாஸ்டருக்குச் சொல்லிச் செவப்பாக்க வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரரு என்கூடத்தான் இருந்தாரு. லுணுகலையில இருந்து யாரும் வர வழியில்லன்னு இருந்தோம்.

மத்தியானம் வார்டு வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு. முழங்கால் வரைக்கும் சேறு, கையில செருப்பு, தலையில உர பேக்கை மடிச்சுப் போட்ட கொங்காணி. மாமா. பஸ் நின்ன இடத்துல இறங்கி, மண்ணு சரிவச் சுத்திக்கிட்டு மேல தேயிலை மலை வழியா நடந்து, அந்தப் பக்கம் வேற வண்டி புடிச்சு வந்திருக்காரு. பச்சை விழாம வண்டியில ஏறாத அதே மனுசன்.

எனக்குக் கோவமும் வருது, அழுகையும் வருது. "பாதை மூடியிருக்குன்னு செவப்புல போட்டிருந்தேனே மாமா, பார்க்கலயா?"ன்னு கத்தினேன்.

"நான் ஏன் அதைப் பார்க்கிறேன்? எனக்குன்னு நீ எழுதினது ஒண்ணு இருக்கே" அப்படின்னு சொல்லிக்கிட்டே, கையத் துண்டுல துடைச்சிட்டுப் பிள்ளைய வாங்கினாரு. "காலையில திறந்து பார்த்தேன். தொறந்திருக்கு, பயப்படாம வாங்கன்னுதான் இருந்துச்சு."